எட்டுப் பொட்டலம் விதை

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஆன்லைனில் ஒரு பாக்கெட் தக்காளி விதை வாங்கினேன். வெளிநாட்டுப் பழைய ரகம். ஒரு பழம் உள்ளங்கையை நிறைக்கும், பூசணி போல வரி வரியாக இருக்கும் என்று போட்டிருந்தது. பாதி விதையை ஆவணியில் போட்டேன். வந்த நாற்றுகளில் பல வாடின, சில பூத்துப் பூத்து உதிர்த்தன. ஒரே ஒரு செடி மார்கழிப் பனியில் நான்கு பழம் கொடுத்தது.

மூன்றை வீட்டில் சாப்பிட்டோம். நான்காவதைக் கடைக்கு எடுத்துப்போய்க் கண்ணாடி மேஜை மேல் வைத்தேன். ஆதார் அட்டையும் பட்டாவும் நகலெடுக்க வந்தவர்கள் எல்லாரும் அதைத் தூக்கிப் பார்த்தார்கள். “இன்னாண்ணா இது, தக்காளியா?” என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அரை அடி உயரம் கூடியது. விதை கேட்டவர்களிடம் அடுத்த வாரம் தருகிறேன் என்றேன். எட்டுப் பேரிடம் சொல்லிவிட்டேன்.

அந்தப் பழத்தில் சதைதான் அதிகம், விதை கொஞ்சம். பிதுக்கித் தண்ணீரில் ஊறப் போட்டேன். மூன்றாம் நாள் கழுவிக் காய வைத்திருக்க வேண்டும். மறந்துபோனேன். நினைவு வந்து பார்த்தபோது விதையெல்லாம் தண்ணீருக்குள்ளேயே முளைவிட்டு நாறிக் கிடந்தது.

கெட்டுப்போய்விட்டது என்று எட்டுப் பேரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. பாக்கெட்டில் மிச்சமிருந்த விதையைக் கொடுக்கவும் மனம் வரவில்லை. சமையலறைக் கூடையிலிருந்த சாதாரணத் தக்காளி இரண்டை அறுத்து விதை எடுத்தேன். நன்றாகக் காயவைத்து, எட்டுப் பொட்டலம் கட்டி, கடை பிரிண்டரிலேயே ‘மரபுத் தக்காளி’ என்று அச்சடித்து ஒட்டினேன். அந்தப் பொட்டலங்களைப் போல எதையும் நான் அவ்வளவு அழகாகச் செய்ததில்லை.

வாங்கிப்போனவர்களில் அவலூர்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண்ணும் உண்டு. மகளிர் குழுக் காகிதங்களை நகலெடுக்க மாதம் ஒருமுறை வருவார். பங்குனிக் கடைசியில் ஒரு பையோடு வந்தார். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றார். பிறகு பையைத் திறந்து காட்டினார். உள்ளே எலுமிச்சை அளவில் உருண்டைத் தக்காளிகள்.

“மன்னிச்சிக்கங்கண்ணா. நீங்க குட்த்த வெதைய நான் கெடுத்துட்டேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் ஒரு பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தேன்.

“தண்ணி அதிகமா ஊத்திட்டீங்களாம்மா?”

“தெனம் ஒரு வேளதான் ஊத்தனேன்.”

“வெயில்ல இந்த ரகம் இப்படித்தான் சிறுத்துடும். எருவும் பத்தலைன்னு நெனைக்கிறேன்.”

அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். “கனகாம்பரம் இருந்த எடம்ணா. அந்தச் செடியப் பேத்துட்டுத்தான் இத்த வெச்சேன். எங்க அத்த அன்னைக்கே சொன்னாங்க, உங்கைல எதுவும் வெளங்காதுன்னு.”

கல்யாணமாகிப் பத்து வருடம், குழந்தை இல்லை என்று முன்பு ஒருமுறை அவரே சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் அவர் வீட்டில் தக்காளிக்கு மட்டும் சொன்ன சொல் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும், “அடுத்த வாட்டி பாத்துக்கலாம்மா” என்றுதான் சொன்னேன். பழங்களை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் ரசம் வைத்தார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. அவர் குழுவிலிருந்து வேறொரு பெண் வந்தார்.

ஆவணியில் பாக்கெட்டில் மிச்சமிருந்த விதையைப் போட்டேன். இரண்டு நாற்றுதான் வந்தது. நன்றாக இருந்ததை ஒரு பால் கவரில் மண்ணோடு வைத்து, குழுப் பெண்ணிடம் வீட்டு அடையாளம் கேட்டுக்கொண்டு அவலூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

வாசலில் மாமியார் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். அது கடைத் தக்காளி விதை, என் விதை கெட்டுப்போனதை மறைத்துவிட்டேன், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

அவர் நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டுக் கேட்டார்.

“அப்ப எருவு, தண்ணின்னு சொன்னதெல்லாம்?”

“பொய்தாம்மா.”

“எங்க அத்தகிட்ட சொல்லுங்க. அவுங்களுக்குக் காது மந்தம். சத்தமா சொல்லுங்க.”

மாமியார் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு முறை சொன்னேன். எதிர்வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“படிச்சவனாட்டம் இருக்கற. இதுக்கா பொய் சொன்ன?”

நாற்றை நீட்டினேன். அந்தப் பெண் வாங்கவில்லை.

“வேணாம்ணா. அந்த எடத்துல திரும்ப கனகாம்பரம் வெச்சிட்டேன். புடிச்சிக்கிச்சு.”

தண்ணீர் மட்டும் கொடுத்தார். குடித்துவிட்டு, நாற்றை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். வழியெல்லாம் முகம் எரிந்தது.

மீதி ஏழு பேரில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் வேறு கடைக்குப் போகிறார். ஐந்து பேரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர்களில் யாராவது வந்து நின்றால், எத்தனை காப்பி என்று மட்டும் கேட்டுவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.