எனக்கு வரவேண்டிய காய்ச்சல்

எட்டு வயதில் எனக்கு இருந்த பெரிய ஆசை காய்ச்சலில் படுப்பது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, அது வந்தால் எங்கள் வீட்டில் ஒரு மாத்திரையும் ரசம் சோறும்தான் கிடைக்கும். அக்காவுக்கு வந்தது போன்ற காய்ச்சல், அப்பா மில்லுக்கு லீவு போடுகிற காய்ச்சல் வேண்டும் எனக்கு.

எங்கள் வீடு ராஜபாளையத்தில். அந்த ஊர் ஜாதியிலேயே ஒரு வெள்ளை நாய் வளர்த்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு உண்ணி எடுப்பது என் வேலை. காது மடலிலும் விரல் இடுக்கிலும் ரத்தம் குடித்துப் பருத்துக் கிடப்பவற்றைப் பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்கச்சியில் போட வேண்டும். அதற்கு நான் இரண்டு முறை டிமிக்கி கொடுத்து மாட்டியிருந்தேன். மூன்றாம் முறை மாட்டினால் தோலை உரித்துவிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள். அம்மா சொன்னால் செய்கிறவள்.

அந்த ஞாயிறு எதிர்வீட்டில் புது செல்போன் வந்திருந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் அங்கே கேம் விளையாடப் போய்விட்டார்கள். நான் கொட்டாங்கச்சியும் கையுமாக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலையை விரித்துப் போட்டபடி வந்த அக்கா, கொட்டாங்கச்சியை வாங்கிக்கொண்டாள்.

"நீ போடி. நான் எடுத்துருதேன். அம்மாட்ட சொல்ல மாட்டேன்."

அவளுக்குப் பன்னிரண்டு வயது. யாரும் பார்க்காதபோதும் நல்ல பிள்ளையாக இருக்கிற வியாதி அவளுக்கு அப்போதே இருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. எந்த மாத்திரைக்கும் அடங்காமல் போகவே, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா அவள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அத்தை மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறி, அரைக்கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தாள். வாய்க் கசப்பு தீர்ந்ததும் பெரியவள் சாப்பிடட்டும் என்று அதைத் தலைமாட்டில் வைத்துவிட்டார்கள். அக்காவால் தண்ணீரே விழுங்க முடியவில்லை. எனக்கு வாயெல்லாம் எச்சில் ஊறியது. ஊரில் அந்த நாய்கூட அவள் பாயில் போய்ப் படுத்துக்கொண்டு சோறு தின்ன மாட்டேன் என்கிறதாம். வாரா வாரம் அதன் காதைப் பிடித்தவள் நானல்லவா?

மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி சந்நிதிக்கு அம்மா என்னைக் கூட்டிப்போய், அக்காவுக்காகக் கும்பிடச் சொன்னாள். எனக்கும் ஒரு காய்ச்சல் தரும்படி கேட்டுக்கொண்டேன்.

டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை என்றார்கள். ரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டே வந்தது. மதுரைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று பேச்சு அடிபட்டது. அப்பா வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். எனக்காக இப்படி அழுவாரா என்றுதான் முதலில் தோன்றியது.

மறுநாள் காலை வந்த டாக்டரம்மா, வீட்டில் ஆடு மாடு, நாய் ஏதாவது உண்டா என்று விசாரித்தார். நாய் இருக்கிறது, உண்ணி எடுப்பதெல்லாம் சின்னவள்தான் என்று அம்மா என்னைக் காட்டினாள். உடனே டாக்டரம்மா என்னை அருகில் அழைத்து, நாக்கைப் பார்த்து, கழுத்தையும் கையையும் தடவிப் பார்த்தார். இத்தனை நாளில் ஒருவர் என்னைத் தொட்டுப் பார்த்தது அப்போதுதான். சுகமாக இருந்தது. ஒன்றும் இல்லை என்று சொல்லி அவர் மறுபடியும் அக்கா பக்கம் திரும்பியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அன்னைக்கு அவதான் உண்ணி எடுத்தா. அது என் வேலை. அந்தக் காய்ச்சல் எனக்கு வரவேண்டியது."

டாக்டரம்மா அக்காவிடம் குனிந்து, அப்படியா என்று கேட்டார். அக்கா கண்ணைத் திறக்காமலே இல்லை என்று தலையாட்டினாள். பொய் சொல்கிறாள் என்று நான் கத்தினேன். டாக்டரம்மா அவள் கூந்தலை ஒதுக்கித் தேடினார். காதுக்குப் பின்னால், முடிக்குள்ளே, பீடி நெருப்பில் சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தது.

உண்ணிக் காய்ச்சல் என்றார். மருந்தை மாற்றினார்கள். மூன்றாம் நாள் அக்கா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். சின்னவள் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அம்மா என் தோலை உரிக்கவில்லை. பால்கோவாவைப் பொட்டலத்தோடு எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் அக்காவின் கட்டிலிலேயே காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, அவள் பார்க்கும்படி தின்றேன்.

டாக்டரம்மா கேட்டபோது ஏன் இல்லை என்று சொன்னாள் என்று அம்மா அக்காவிடம் கேட்டாள். குரலே எழும்பாமல் அக்கா சொன்னாள்:

"சொன்னா நீ அவள அடிப்பல்லம்மா."

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஒருநாள்கூட இவள் எனக்கு முழுசாக விட்டுத்தர மாட்டாள் போலிருக்கிறதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தாளில் ஒட்டியிருந்த பால்கோவாவையும் அவளுக்கு மிச்சம் வைக்காமல் வழித்து நக்கினேன்.