சலவைக்குப் போன ஸ்டேஷன்

போன புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் குளித்துவிட்டது.

பதற வேண்டாம். நிஜ ஸ்டேஷன் இல்லை. எங்கள் டைனிங் டேபிளில் பாதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குட்டி ஸ்டேஷன். நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. கட்டியவர் என் கணவர் சாலமோன். குளிப்பாட்டியவர் அவருடைய அக்கா ரூபி மதினி. நடுவில் மாட்டிக்கொண்டவள்... வேறு யார்?

முதலில் இந்த வியாதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேல் மாடல் என்று பெயர். விமானம், கப்பல், ரயில் — எதையாவது அளவு பிசகாமல் சின்னதாகச் செய்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவது. இவர் சின்ன வயதில் செகந்திராபாத்தில் பாதிப் பையன்களுக்கு இது இருந்ததாம். தக்கை மாதிரி லேசான பால்சா கட்டை, பிளேடு, கோந்து. ஷோகேஸில் ஒரு விமானம் இல்லாத வீடு கிடையாதாம். பிறகு கேபிள் டிவி வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, போன் வந்தது. பிள்ளைகளுக்குக் கட்டைவிரல் மட்டும் போதும் என்று ஆகிவிட்டது. கடைகளும் துண்டு துண்டாகப் பெட்டியில் வரும் கிட்களை வாங்கி வைப்பதை நிறுத்திவிட்டன. இவரும் கல்யாணம், குழந்தைகள், தார்நாகாவில் லேப் வேலை என்று அதை மறந்தே போனார்.

மறந்தார் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். லாக்டவுனில் ஊரே டல்கோனா காபி கலக்கிக்கொண்டிருந்தபோது இவர் பரணில் ஏறினார். இறங்கும்போது கையில் ஒரு பெட்டி. சீல் உடைக்காத கப்பல்.

“இது எப்போ வாங்கினது?”

“ரொம்ப முன்னாடி.”

ரொம்ப முன்னாடி வாங்கியதில் கிறிஸ்மஸ் ஸ்டார் வைக்கும் அட்டைப்பெட்டிக்குள் இன்னொன்று இருந்தது. அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒன்று. எனக்கு வேண்டாத கம்பளிக்கு அடியில் இரண்டு. கேட்டால், “வாங்குறது ஒரு ஹாபி, கட்டுறது ஒரு ஹாபி. ரெண்டும் வேற வேற” என்கிறார். இந்த இனத்தில் எல்லோருமே இப்படித்தானாம். ஆயுசு பூராவும் கட்டினாலும் தீராத அளவுக்குப் பெட்டி வாங்கி ஒளித்து வைப்பார்களாம். வீட்டுக்காரிக்குத் தெரியாமல் உள்ளே கொண்டுவருவது எப்படி என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஆலோசனை வேறு. கிட்டார் உறைக்குள் போர்க்கப்பல் கொண்டுபோன ஒருவரை அங்கே தலைவர் மாதிரி கொண்டாடுகிறார்கள்.

அந்த குரூப் என்றால் மூக்குக்கண்ணாடியும் முதுகுவலியுமாக நாலு ரிட்டயர்டு ஆசாமிகள் என்று நினைத்திருந்தேன். இவரோடு ஒரு தடவை போய்ப் பார்த்தால் பாதிப் பேர் ஐ.டி. பிள்ளைகள். நாள் முழுக்க ஸ்கிரீனைத் தடவிக்கொண்டிருப்பவர்களுக்கு எதையாவது நிஜமாகத் தொட வேண்டும் போலிருக்கிறது. ஹப்சிகுடாவில் பல் டாக்டராக இருக்கும் ஒரு பெண், பல்லைச் சுரண்டும் கருவியாலேயே விமானத்தின் இறக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்த பார்வையைப் பார்த்து, “இது வேற செட் ஆண்ட்டி” என்றாள். இன்னொருவன் வீட்டில் த்ரீடி பிரின்டர். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் இட்லி மாதிரி டாங்கி வெந்திருக்கும். எழுபது வயது இருக்கிறது, இருபத்தைந்து வயது இருக்கிறது. நடுவயதுக்காரர்களை மட்டும் காணோம். அவர்கள் ஈ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருஷக் கண்காட்சிக்கு இவர் ஒரு ஸ்டேஷன் செய்து கொண்டுபோனார். குரூப்பை நடத்தும் சைதன்யா நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, “சூப்பர் அங்கிள். கொஞ்சம் டாய் மாதிரி இருக்கு, அவ்வளவுதான்” என்றான்.

டாய். பொம்மை. முப்பது வருஷம் விஞ்ஞானியாக இருந்த மனிதரிடம் இதைச் சொல்லலாமா? அன்றைக்கு இவர் பிரியாணியைக்கூடத் தொடவில்லை. அடுத்த வருஷம் இதே பையனைத் தரையில் முட்டி போட்டுப் பார்க்க வைக்கிறேன் என்று சபதம் எடுத்தார்.

குறை என்ன தெரியுமா? ஸ்டேஷன் ரொம்பச் சுத்தமாக இருந்ததுதான். இந்த உலகத்தில் வெதரிங் என்று ஒரு கலை உண்டு. பாடுபட்டுப் புதிதாகச் செய்ததை, அதைவிடப் பாடுபட்டுப் பழையதாக்குவது. துரு, புகை, மழைக்கறை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் கையால் வர வேண்டும். என் மசாலா டப்பாவிலிருந்த பட்டைத் தூள் தண்டவாளத்தில் துருவாகிப் போனது. டீத்தூள் பிளாட்பாரத்து மண். பவர்கட்டுக்கு வைத்திருந்த மெழுகுவத்திகள் கூரைக்குப் புகை பிடிக்கவே தீர்ந்தன. எல்லாவற்றுக்கும் சிகரம், மூன்றாவது தூணில் பான் எச்சில் துப்பின கறை. அதற்கு மட்டும் மூன்று விதச் சிவப்பு. காய்ந்த எச்சில், காயாத எச்சில், துப்பும்போது தெறித்த எச்சில். எங்கள் கல்யாண ஆல்பத்தைக்கூட இவர் அவ்வளவு பூரிப்போடு யாருக்கும் காட்டியதில்லை.

எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். எச்சில் விஷயம் வந்துவிட்டதால் பெயர் வேண்டாம். மௌலா அலி தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூபி மதினியின் வீட்டுக்காரர் ஆசீர் அண்ணன் அங்கேதான் வெகுகாலம் ஸ்டேஷன் மாஸ்டர். இப்போது அவர் இல்லை. ஆனால் இவருடைய பிளாட்பாரத்தில் இருந்தார். வெள்ளை யூனிபார்ம், தொப்பி, கையில் பச்சைக்கொடி. மூன்று அரிசியை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தின உயரம். அதே சின்னத் தொந்தி. வெதரிங் விதிப்படி அவர் சட்டைக்கும் கொஞ்சம் அழுக்கு.

புதன்கிழமைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. நான் சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தேன். இவர் மாடலுக்குக் கண்ணாடி மூடி வாங்க ஹப்சிகுடா போயிருந்தார். மௌலா அலியிலிருந்து முந்திரிக்கொத்துப் பலகாரத்தோடு வந்த மதினி, தன்னிடம் இருந்த சாவியால் திறந்து உள்ளே போயிருக்கிறார். நாங்கள் வாசலில் ஒன்றாகச் சேர்ந்து உள்ளே நுழைந்தபோது மதினி முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றிருந்தார். கையில் பழைய டூத்பிரஷ். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

“வாலே சாலமோன். வந்து பாரு. ஒன் ஸ்டேஷனை எப்படிப் போட்டு வச்சிருந்த, இப்ப எப்படி இருக்கு?”

ஸ்டேஷன் பளபளவென்று இருந்தது. கூரையில் புகை இல்லை. தண்டவாளத்தில் துரு இல்லை. கூட்ஸ் வண்டிகூட ஷோரூமிலிருந்து வந்த மாதிரி நின்றது. இவர் மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அக்கா... எச்சில் எங்கே?”

“தூண்ல இருந்துதே, அந்த அசிங்கமா? அதுக்குத்தான் நேரம் ஆச்சு. ஊசி போட வச்சிருந்த ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேச்சேன். கடைசில வந்துட்டு.”

இவர் எழுந்து பெட்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மதினிக்கு ஒன்றும் புரியவில்லை. “தூசி தொடச்சதுக்கு கைக்கு இவ்ளோ கோவம்?” என்றார் என்னிடம். மதினி பேச்சில் இந்த ஊர் உருது கலக்கும்; ‘கைக்கு’ என்றால் எதற்கு, ‘நக்கோ’ என்றால் வேண்டாம். நான் வெதரிங்கை விளக்கினேன். மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மெனக்கெட்டு அழுக்காக்குனானா? ஒனக்கு இது தெரிஞ்சும் ஒரு டாக்டர்ட்ட காட்டலியா?”

நான் முந்திரிக்கொத்தில் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். மதினி டேபிள் பக்கம் திரும்பிக்கொண்டார். குரல் மாறியிருந்தது.

“பூராத்தையும் தொடைக்கணும்னு நெனைக்கல. அவுக சட்டையை மட்டும்தான் தொடச்சேன்.”

நான் வாயிலிருந்ததை மெல்லவில்லை.

“சர்வீஸ் பூரா அவுக ஒரு நாள் அழுக்குச் சட்டையோட ட்யூட்டிக்குப் போனதில்ல. கஞ்சி போட்டு, நீலம் போட்டு, நானே தேச்சுக் குடுப்பேன். வந்து பாத்தா காலர்ல கறுப்பு, நெஞ்சுல காவி. நாளைக்கு நாலு பேர் பாத்தா என்ன சொல்லுவாக? பொண்டாட்டி சரியில்லன்னுதானே? அதான் பஞ்சுல தொட்டுத் தொடச்சேன். சட்டை வெளுத்துட்டு. அப்புறம் பாத்தா நிக்கிற எடம் அசிங்கமா இருந்துது. அதைத் தொடச்சா தூணு. தூணைத் தொடச்சா கூரை...”

ஒரு டைலைத் தேய்த்துவிட்டு பாத்ரூம் முழுக்கத் தேய்த்து முடித்த எந்தப் பெண்ணுக்கும் இது புரியும். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கதவு திறந்தது. இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கோபம் போயிருந்தது. கவலை போகவில்லை.

“சரிக்கா. அத்தான் சட்டையைத் தொட மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை எக்ஸிபிஷன். ஒரு வருஷ அழுக்கு. நான் எங்கே போவேன் அதுக்கு? இதை இப்படியே கொண்டுபோனா மறுபடியும் டாய்னுதான் சொல்லுவான்.”

“எவன் சொல்லுவான்? ஸ்டேஷன் இப்படிப் பளிச்சுன்னு இருந்த நாளே கிடையாதா? ஜி.எம். இன்ஸ்பெக்‌ஷனை மறந்துட்டியாலே?”

ரயில்வே குடும்பம் இல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. வருஷத்தில் ஒரு நாள் ஜெனரல் மேனேஜர் ஸ்டேஷனைப் பார்வையிட வருவார். அதற்கு முன்னால் நடக்கும் கூத்து கொஞ்சமில்லை. சுவருக்குப் பெயின்ட், கல்லுக்குச் சுண்ணாம்பு, தீயணைக்கும் வாளிகளுக்குச் சிவப்பு, மரத்துக்குக்கூட இடுப்பு வரைக்கும் வெள்ளை. ஜி.எம். வருவார், பார்ப்பார், பூச்செண்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். மறுநாள் மூன்றாவது தூணில் எச்சில் துப்ப ஆள் வந்துவிடும்.

இவர் முகத்தில் பல்பு எரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் எங்கள் வீட்டில் சாப்பாடு கட்டிலில்தான். மதினி மேஸ்திரி, இவர் சித்தாள். வாளியைச் சிவப்பாக்கு. பாதை ஓரம் கல் வை, வெள்ளை அடி. ஷாமியானா போடு. போர்ட்டர்களை வரிசையாக நிறுத்து, வயிற்றை உள்ளே இழுக்கச் சொல்லு. மரத்துக்கு இவர் சுற்றிவர வெள்ளை அடிக்கப் போனபோது மதினி கையைப் பிடித்துக்கொண்டார்.

“நக்கோ. தண்டவாளம் பாத்த பக்கம் மட்டும் அடி. ஜி.எம். எறங்கி மரத்தைச் சுத்தியா வருவாரு?”

தூணுக்கும் அதே சட்டம்தான். முன்பக்கம் புது பெயின்ட், பின்பக்கம் பழைய அழுக்கு. கூட்ஸ் வண்டிக்கு மட்டும் மதினி தாராளமாக விலக்குக் கொடுத்தார். எந்த ஜி.எம்.முக்காகவும் யாரும் வேகன் கழுவியதில்லையாம். இவர் ஆனந்தமாக என் பட்டைத் தூள் டப்பாவைத் தேடிப் போனார். ஒரே ஒரு சண்டை, பிளாட்பாரத்தில் படுத்திருந்த நாய்க்காக. இன்ஸ்பெக்‌ஷன் நாளில் நாய் இருக்கக் கூடாது என்றார் மதினி. நாயைத் தூக்க மாட்டேன் என்றார் இவர். கடைசியில் பார்சல் ஆபீஸுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள். வால் மட்டும் வெளியே.

ஞாயிற்றுக்கிழமை, தார்நாகாவில் கம்யூனிட்டி ஹால். சைதன்யா எங்கள் டேபிளுக்கு வந்தான். பார்த்தான். தயங்கினான். இவர் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் இவருக்கு அப்படிக் கை வியர்த்து நான் பார்த்ததில்லை.

“அங்கிள்... வெதரிங் பண்ணலியா?”

இவருக்கு முன்னால் மதினி முந்திக்கொண்டார். தெலுங்கிலேயே போட்டுத் தாக்கினார். “இன்னைக்கு ஜி.எம். வர்றாரு பாபா. அழுக்கு வச்சிருந்தா அவருக்கு யாரு பதில் சொல்றது? வேணும்னா அந்தப் பக்கம் போய்ப் பாரு.”

பையன் அந்தப் பக்கம் போனான். குனிந்தான். போதவில்லை போலிருக்கிறது, தரையில் முட்டி போட்டான். தூணின் பின்பக்கத்தைப் பார்த்தான், பாதி வெள்ளை மரத்தைப் பார்த்தான், நாயின் வாலைப் பார்த்தான். பிறகு சிரித்தான் பாருங்கள், ஹாலே திரும்பியது. ரிட்டயர்டான ரயில்வேக்காரர்கள் மூன்று நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் அடித்த கூத்தைக் கேட்கவே வேண்டாம். ஒருவர் தன் ஸ்டேஷனில் ராத்திரியோடு ராத்திரியாகப் புல்லுக்கே பச்சைப் பெயின்ட் அடித்த கதையைச் சொன்னார். அந்த ராத்திரியில் தானும் பிரஷ் பிடித்ததாக இன்னொருவர் சொன்னார். பரிசெல்லாம் கிடையாது, அது அப்படிப்பட்ட கண்காட்சி இல்லை. ஆனால் கூட்டம் எங்கள் டேபிளை விட்டு நகரவில்லை. இவர் அன்றைக்கு மத்தியானம் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டார்.

கிளம்பும் நேரத்தில் சைதன்யா பச்சைக்கொடிக்காரரைக் காட்டி, “இவர்தான் ஜி.எம்.மா?” என்று கேட்டான்.

“ஜி.எம். இன்னும் வரல” என்றார் மதினி. “இவுக ஸ்டேஷன் மாஸ்டர். எங்க வீட்டுக்காரர். ட்யூட்டில இருக்காக.”

திரும்பி வரும்போது காரில் ஸ்டேஷன் மதினியின் மடியில் இருந்தது. மௌலா அலியில் தன் வீட்டு வாசலில் இறங்கி, ஸ்டேஷனை என்னிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, கார் ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே நீட்டினார்.

“சாலமோன். அவுக பக்கத்துல என்னையும் ஒண்ணு செஞ்சு வையி, கையில டிபன் கேரியரோட. மத்ததெல்லாம் அந்த எண்பத்தேழுல ஒரு பங்காவே இருக்கட்டும். இடுப்பை மட்டும் நூத்துல ஒரு பங்காச் செய்யி.”