பட்டியலில் தவறிய திரை

என் மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று. பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுக்கு ஆபீஸ். போன வாரம் காபி கொண்டுபோனபோது அவள் லேப்டாப்பில் ஒரு கறுப்புத் திரை. திரை நிறைய எழுத்துகள் வந்து நின்றன. அவள் ஸ்பேஸ் பாரைத் தட்டினாள், அடுத்த திரை வந்தது. மறுபடி தட்டினாள், அதற்கடுத்தது. நான் டம்ளரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"ஏனுங்கப்பா, அப்படிப் பாக்கறீங்க?"

"போன பக்கத்தைத் திருப்பிப் பாக்கோணும்னா என்ன பண்ணுவே?"

"பி-யை அமுத்துனாப் போதுமுங்கப்பா." அமுத்தியும் காட்டினாள். போன திரை அப்படியே திரும்பி வந்தது.

சரி அம்மிணி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். காபியை அவளுக்குக் கொடுத்தேனா, நானே குடித்தேனா என்று நினைவில்லை.

ஒரு பக்கம் திரும்பி வந்ததற்கா இந்த ஆள் இப்படி ஆடிப்போனான் என்று நீங்கள் சிரிக்கலாம். அந்தக் கால டெர்மினலைப் பார்த்திருந்தால் சிரிக்க மாட்டீர்கள். பழைய டிவி மாதிரி ஒரு பெட்டி, பச்சை எழுத்து. அதற்கென்று சொந்த மூளை கிடையாது. மூளை பக்கத்து அறையில் பீரோ அளவுக்கு நின்றது, இரண்டுக்கும் நடுவே ஒரு ஒயர். நீளமான பட்டியலைத் திறந்தால் ஒரு திரை நிறைந்ததும் நின்றுவிடும். இன்னும் இருக்கிறது என்று அடியில் ஒரு சொல் தெரியும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்த திரை. போனது போனதுதான், மறுபடி பார்க்க வேண்டுமென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேறு வழி இருந்ததோ என்னவோ, பாலக்காட்டில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்த எனக்குத் தெரியாது. ஒரு பெயரைச் சொன்னால் மிஷினே தேடிக் கொடுக்கும் கட்டளை இருந்ததாம். அதையும் ரொம்பப் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் ஊரில் எனக்குப் பெயர் கம்ப்யூட்டர் எஞ்சினியர்.

சின்னக்கானல் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில்தான் அப்போது எனக்கு வேலை. டெர்மினல் சூடானால் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் பக்கெட் வாசனை வரும். அதோடு ஜன்னல் வழியாக ஃபேக்டரியில் தேயிலை வாடுகிற வாசனையும் சேர்ந்துகொள்ளும். இப்போதும் தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்தால் எனக்கு விரல்கள் சில்லிடுகின்றன. சின்னக்கானல் குளிர் அப்படி. எங்கள் பக்கத்து வெயிலில் வளர்ந்த உடம்பு அதை எங்கே தாங்கும்? மங்கி கேப், இரண்டு ஸ்வெட்டர், கையில் கம்பளிக் கையுறை என்று கரடி வேஷத்தில்தான் ஆபீஸுக்குப் போவேன். கொழுந்து பறிக்கிற பெண்கள் அந்தக் குளிரில் வெறுங்கையோடு போவார்கள். என்னைப் பார்த்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள்.

அப்படிச் சிரிக்காத ஒருத்தி இசக்கியம்மாள். அவளுக்கும் என் வயதுதான். தற்காலிகத் தொழிலாளி. அவள் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போகும். குடும்பத்தில் ஒருவராவது நிரந்தரத் தொழிலாளியாக இருந்தால்தான் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அந்த ஒற்றை அறையும் அடுப்படியும் நிற்கும். நிரந்தரமாக்கப்படுகிறவர்களின் பட்டியல் அந்த மாதம் வர இருந்தது. வந்தும்விட்டது, மிஷினுக்குள். பிரிண்டர் ரிப்பன் கொச்சியிலிருந்து வராததால் நோட்டீஸ் போர்டுக்கு வரவில்லை.

எங்கள் ஹெட் கிளார்க் தொடுபுழை மலையாளி. நல்ல மனிதர், ஆனால் கறார். "லிஸ்ட் போர்டுல வர்ற வரைக்கும் ஒராளோடயும் சொல்லக்கூடாது, கேட்டோ" என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார். அவர் சாப்பிடப் போன நேரத்தில்தான் இசக்கியம்மாள் வந்தாள். கூடையைக் கூட இறக்கவில்லை.

"சார், எம்பேரு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. சனிக்கிழமைக்குள்ள வீட்டக் காலி பண்ணணும்னு சொல்லிட்டாவ. இருந்துச்சுன்னா அந்தப் பேரச் சொல்லி நின்னுக்கிடுவோம்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ரிப்பன் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்னை ஒருத்தி சார் என்று கூப்பிட்டு, நான் சொல்லப்போகிற ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்கிறாள்; இருபத்துமூன்று வயசு எனக்கு. பெரிய மனுஷன் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பட்டியலைத் திறந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த தேதி வரிசையில் எட்டுத் திரை. ஒவ்வொரு பெயராகப் பார்த்துத் தட்டிக்கொண்டே போனேன். அன்றைக்கு மிஷின் மந்தமாக இருந்தது. தட்டினால் ஒன்றும் நடக்காது, கொஞ்சம் கழித்துத்தான் அசையும். கையுறைக்குள் விரலுக்கு விசை தட்டுப்பட்டதா இல்லையா என்றும் தெரியாது. ஓர் இடத்தில் இன்னொரு தடவை தட்டினேன். அந்தப் பெட்டி எதையும் மறக்காது. இரண்டு தட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு திரையைச் சேர்த்து ஓட்டிவிட்டது. ஏதோ பச்சையாக ஓடியதைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. வாசலில் ஹெட் கிளார்க்கின் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காது அங்கே இருந்தது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் சோம்பல், பயம், இரண்டும்தான்.

"இல்லீங்க அம்மிணி. பேரு காணோமுங்க."

"நல்லாப் பாத்தியளா சார்?"

"எட்டுப் பக்கமும் பாத்துட்டனுங்க."

அவள் அழவில்லை. கூடைக் கயிற்றை நெற்றியில் சரி செய்துகொண்டு, "சரி சார், நீங்க பாத்துச் சொன்னதுக்கு" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த புதன்கிழமை ரிப்பன் வந்தது. அச்சான தாளின் ஓரத் துளைப் பட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தபோது அவள் பெயரைப் பார்த்தேன். அம்மா பெயர், டிவிஷன், செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டின் நம்பர், எல்லாம் அவளுடையவைதான். தாளை மேசையில் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. அவர்கள் வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அவுக போயி நாலு நாளாச்சே தம்பி. சங்கரன்கோவில் பக்கம் மாமன் வீடு இருக்குன்னு சனிக்கிழமையே லாரியில ஏறிட்டாவ. போர்டுல ஒட்டட்டும், அதுவரைக்கும் எங்க வீட்டுல இருந்து பாத்துட்டுப் போங்கடின்னு நாங்கதான் சொன்னோம். கேக்கலியே. கம்ப்யூட்டரு சாரே அவரு கண்ணால பாத்துச் சொல்லிட்டாரு, பெறவு எதுக்கு அடுத்தவுக வீட்டுல குத்தவச்சு இருக்கணும்னுட்டா."

பட்டியலில் இருப்பவர்கள் ஏழு நாளுக்குள் ஆபீஸில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வராவிட்டால் காத்திருப்பவர்களில் அடுத்தவருக்குப் போகும் என்பது வழக்கம். ஏழு நாள் சங்கரன்கோவிலுக்கு ஆள் அனுப்பித் தேடப் போதுமானது. ஹெட் கிளார்க்கிடம் சொன்னால் செய்திருப்பார். கத்தியிருப்பார், ஆனால் ஜீப்பும் அனுப்பியிருப்பார், அவர் அப்படிப்பட்டவர். நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒரே ஒரு வாக்கியம் சொல்வது: போர்டுக்கு வரும் முன்பே நான் பார்த்துச் சொன்னேன், தப்பாகச் சொன்னேன்.

சொல்லவில்லை. நானும் ஆறு மாதத் தற்காலிகம்தான். ஊரில் போர்வெல் வற்றி, அப்பா தென்னைகளுக்குத் தண்ணீர் வண்டி வைத்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் காரணம் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் பயம், அவ்வளவுதான். தினமும் காலையில் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஏழாம் நாள் ஹெட் கிளார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இந்த இசக்கியம்மாள் எந்தா வராத்தது? சரி, எடுத்துட்டு அடுத்த பேரைப் போடு" என்றார். நானே எடுத்தேன். ஒரு வரியை அழிப்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த வருஷம் எனக்கு வேலை நிரந்தரமானது.

இரண்டு கோடைக்கு முன் சொந்தக்காரர்களோடு சின்னக்கானலுக்குச் சுற்றுலா போனேன். எங்கள் ஆபீஸ் இப்போது ஒரு விடுதி. டெர்மினல் இருந்த அறையில் யாரோ புதுமணத் தம்பதி பூட்டிக்கொண்டு இருந்தார்கள். லயம் இருந்த வரிசையில் ஜீப்புகள் நிற்கின்றன. முத்துப்பேச்சி அக்கா இறந்து பல வருஷமாம். டீக்கடையில் இசக்கியம்மாள் குடும்பத்தைப் பற்றி விசாரித்தேன். எந்த இசக்கியம்மாள் என்று கேட்டார்கள். அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் பார்த்துச் சொன்னதை நம்பி லாரி ஏறுகிறவர்கள் இன்று யாரும் இல்லை. அவரவர் பெயரை அவரவர் போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். அது நல்லதுதான், எனக்கு அதில் வருத்தமில்லை.

அவளுக்கும் இப்போது தலை நரைத்திருக்கும். பட்டியலில் தன் பெயர் வரவில்லை என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பாள். வந்திருந்தது. அன்று லயத்திலிருந்து திரும்பிய பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். மூன்றாவது திரை, மேலிருந்து ஐந்தாவது வரி.