ஓடுகிற வண்டியைப் பிரித்தவன்

புதுச்சேரி முதலியார்பேட்டையில் அல்போன்ஸ் என்றொரு கார் டிரைவர் இருந்தான். முப்பது வயதுக்காரன். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை எதையாவது திருகும். மாதா கோயிலில் பூசை நடக்கும்போதுகூட வெளியே நிறுத்தியிருக்கும் கார்தான் அவன் நினைப்பில் இருக்கும்.

பிறவியிலேயே அப்படிப்பட்டவன் இல்லை. முன்பு ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தான். ஒருநாள் இயந்திரத்தை ஓட்டும் தோல் பட்டையில் புதிதாக ஒரு சத்தம் கேட்டது. மேஸ்திரியிடம் சொல்லலாமா என்று யோசித்தான். ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று விட்டுவிட்டான். மறுநாள் பட்டை அறுந்தது. பக்கத்தில் நின்ற பக்கிரி என்ற தொழிலாளியின் வலது கை போயிற்று. அதற்குமேல் அல்போன்ஸால் அந்த ஆலைக்குள் நிற்க முடியவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொண்டு அஞ்சலாட்சியிடம் வந்து சேர்ந்தான். அவள் பெரிய மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருந்தவள். கணவன் இறந்த பிறகு மண்டியையும் வாடகைக் காரையும் அவளே நடத்தி வந்தாள்.

பழைய அமெரிக்கக் கார் அது. இஞ்சின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் முன்பக்க ரேடியேட்டரில் இருக்கும். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அல்போன்ஸ் அந்தத் தண்ணீரை வடித்துவிடுவான். சோடா உப்பு கரைத்து ஊற்றிக் கழுவுவான். ரப்பர் குழாய்களைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி, உடம்பில் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு இறுக்குவான்.

"நல்லா ஓடற வண்டிய இன்னாத்துக்குய்யா வாராவாரம் பிரிச்சுப் போடற?" என்பாள் அஞ்சலாட்சி.

"கெட்டப்பறம் பிரிச்சு இன்னாம்மா பிரயோசனம்?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாதவன் வாராவாரம் பேதிக்குச் சாப்ட்டா இன்னா ஆவான்?"

அவன் அடுத்த ஞாயிறும் சாக்கை விரித்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்துவிடுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் வைகாசியில், கோவிந்தராசு என்பவர் திண்டிவனத்தில் தன் தங்கை மகள் கல்யாணத்துக்குக் காரைப் பேசினார். மணமாலைகள் புதுச்சேரி மார்க்கெட்டில் கட்டியவை. இரண்டு பெரிய மூங்கில் கூடைகளில் ஈரத்துணி போர்த்தி வைத்திருந்தார்கள். வழியில் தெளிக்க ஒரு குடம் தண்ணீரும் இருந்தது. விடிந்ததும் கிளம்பினார்கள். கோரிமேடு தாண்டி, கிளியனூரும் தாண்டியிருப்பார்கள். முன்பக்கமிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பிற்று.

அல்போன்ஸ் குதித்து இறங்கி இஞ்சின் மூடியைத் தூக்கினான். கீழ்க்குழாய் கிழிந்து, தண்ணீர் முழுக்கப் போயிருந்தது. குழாயை இறுக்கும் வளையம் பதிந்த இடத்தில், கத்தியால் கீறினாற்போலக் கிழிசல். இரண்டு நாள் முன்பு அவனே முறுக்கிய வளையம்தான். கிழிந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சக் குழாயை இழுத்து மாட்டினான்.

"அந்தக் கொடத்துத் தண்ணிய குடுங்க."

"பூவுக்கு வச்சதுய்யா அது! மாலை வாடிப்போனா எவன் கழுத்துல போடறது?" என்றார் கோவிந்தராசு.

"வண்டி நவுரலன்னா மாலையும் இங்கதானங்க கெடக்கும்?"

குடத்தைக் கொடுத்தார். ஆனால் கொதிக்கிற இஞ்சினில் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்ற முடியாது, வெடித்துவிடும். ஆறும்வரை நிற்க வேண்டியதாயிற்று. வெயில் ஏறியது. கோவிந்தராசு மேல்துண்டை அவிழ்த்துக் கூடைகளுக்கு நிழல் பிடித்தார். அல்போன்ஸ் ரேடியேட்டர் மூடியைத் தொட்டுப் பார்ப்பதும், ரோட்டைப் பார்ப்பதும், மறுபடி தொடுவதுமாக இருந்தான். ஊற்றிய பிறகும் அந்த ஒரு குடம் போதவில்லை. கிணறு கண்ட இடமெல்லாம் நிறுத்தி நிறுத்திப் போனார்கள்.

திண்டிவனம் சேர்ந்தபோது தாலி கட்டியாகிவிட்டது. உள்ளூரில் கிடைத்த மாலையைப் போட்டுக்கொண்டு பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தராசு இரண்டு கூடைகளையும் பந்தலுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கவிழ்த்தார்.

மறுநாள் மண்டி வாசலில் நின்று அவர் போட்ட சத்தத்தில் மார்க்கெட்டே கூடிவிட்டது. அவர் போன பிறகு, "நான் இறுக்கின எடத்துலதான் கிழிஞ்சுதும்மா" என்றான் அல்போன்ஸ்.

அஞ்சலாட்சி அவனைத் திட்டவில்லை. ஒர்க்ஷாப் வைத்திருந்த சாமிக்கண்ணுவை வரவழைத்துக் குழாயைக் காட்டினாள்.

"கழட்டிக் கழட்டி மாட்டினா ரப்பர் தாங்குமா?" என்றான் சாமிக்கண்ணு. "காலைல தண்ணி மட்டம் பாரு. கீழ ஈரம் இருக்கான்னு பாரு. கொறஞ்சா, ஒழுவினா, சூடு ஏறினா, அப்ப பிரி. இல்லன்னா வருஷத்துக்கு ஒருக்கா, வெயிலுக்கு முன்ன கழுவினா போதும்."

அல்போன்ஸிடமிருந்த ஸ்பேனர்களை அஞ்சலாட்சி வாங்கி மண்டிப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள்.

அதன் பிறகுதான் அல்போன்ஸ் நிஜமாகவே தவித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தான். வீட்டில் கதவுக் கொண்டியைக் கழற்றி மாட்டினான், தையல் மிஷினைப் பிரித்தான். "என் மிஷின வுடுங்க, உங்க பயம் அதுல இல்ல" என்று அவன் மனைவி புஷ்பமேரி பிடுங்கி வைத்தாள்.

அடுத்த வருஷம் பங்குனியில் ஒரு காலை, ரேடியேட்டரில் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருப்பதாகத் தோன்றியது. நிரப்பினான். மறுநாளும் அப்படியே. ஆனால் குறைவது தண்ணீரா, தன் மனதுதான் அப்படிக் காட்டுகிறதா என்று அவனுக்கே சந்தேகம். புஷ்பமேரியைக் கூட்டிவந்தான்.

"நேத்து ராத்திரி ரொப்பி வச்சேன். நீ வெரல வுட்டுப் பாரு."

அவள் விரலை விட்டாள். "தண்ணி எட்டலயே. மெய்யாவே கொறஞ்சிருக்கு."

"மெய்யாவா?"

"பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவணும்?"

அவன் மண்டிக்கு ஓடினான். அஞ்சலாட்சி அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்காமல் பெட்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர் பம்பின் அச்சைச் சுற்றி அடைத்திருந்த திரி இற்றுப்போய், சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. பழையதைக் குத்தி எடுத்துவிட்டுப் புதுத் திரி சுற்றினான். திரியை அழுத்தும் மரையைத் திருகிக்கொண்டே வந்தவன், கசிவு நின்ற இடத்தில் கையை எடுத்தான். இன்னும் அரைச்சுற்றுத் திருகச் சொல்லி விரல்கள் துடித்தன. ஸ்பேனரைச் சாக்கில் சுற்றி இடுக்கிக்கொண்டு எழுந்தான்.

"ஆச்சா?" என்றாள் அஞ்சலாட்சி.

"ஆச்சும்மா" என்று சொல்லிவிட்டு, குனிந்து வண்டிக்கடியில் இன்னொருதரம் பார்த்தான். தரை காய்ந்திருந்தது.