காலி நாற்காலிகளைத் திட்டுகிறவர்

மைக்கின் பொத்தானை அழுத்துவதற்கு முன் அவர் எதிரே இருக்கும் நாற்காலிகளைத் திட்டித் தீர்த்துவிடுவார். மேல் வரிசையில் தொடங்கிக் கீழே வேலியோரம் வரை, பகுதி பகுதியாக. "நல்லா கால நீட்டி உக்காரு. உனக்கென்ன குறை? உன்மேல வந்து உக்காரத்தான் ஆளில்லையே" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்து அவர் சொன்னதை முதன்முறை கேட்டபோது, ரத்த அழுத்தம் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்தேன். அழுத்தம் பார்க்கும் பட்டையை அவர் கையில் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தேன். நினைத்ததில் பாதி சரி.

எங்கள் குதிரைப் பந்தய கிளப் சிறியது. பெரிய மைதானங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய குதிரைகளும், இடுப்பு பெருத்துவிட்ட ஜாக்கிகளும், தொழில் பழக வந்த புதியவர்களும் ஓடுகிற இடம். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், பந்தய நாட்களில் இங்கே முதலுதவி என் பொறுப்பு. குதிரைகள் ஓடும்போது நான் பின் வளைவில், வேனுக்குள் உட்கார்ந்திருப்பேன். விழுகிற குதிரை அங்கேதான் விழும். ஊசியில் நூல் கோக்க எனக்குக் கண்ணாடி வேண்டும். மைதானத்துக்கு அந்தப் பக்கம் கேலரியில் கொட்டாவி விடுகிறவர் யாரென்று சொல்ல அது வேண்டியதில்லை.

அவர் பந்தய வர்ணனையாளர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்த பெயர் 'தொண்டை'. முகத்துக்கு நேரே அண்ணன், சார். நான் மூத்தவள், 'தம்பி' என்று கூப்பிடுவேன். கேலரியின் உச்சியில் உள்ள கண்ணாடிக் கூண்டில் அவரை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் டை கட்டாமல் படியேறியதில்லை. ஒரு பிளாஸ்க் வெந்நீர், கன்னத்தில் ஒதுக்கிய ஒரு கிராம்பு, கழுத்தில் பைனாகுலர். ஒருமுறை டாக்டர் வீட்டு வாசலில் அவரையும் மனைவியையும் பார்த்தேன். காத்திருந்த நோயாளிகளை அவர் வாய்க்குள் பந்தயமாக ஓட்டிக்கொண்டிருந்தார்: பச்சைச் சட்டை முன்னால், முக்காடு போட்ட அம்மாள் உள்பக்கமாக நெருங்குகிறார், இருமல்காரர் பின்தங்குகிறார். "வீட்லயும் இப்படித்தான்க்கா. குக்கர் விசில் அடிச்சா கூட எது முந்துச்சுன்னு சொல்லுவாரு" என்றாள் மனைவி. அவள் சிரிக்கவில்லை.

மைதானத்தில் பேசுவதற்கு ஒரே ஒரு ஒலிபெருக்கிதான் மிச்சம். மற்றவை பழுதானபோது கிளப் பழுது பார்க்கவில்லை. மிஞ்சிய ஒன்று கேலரித் தூணில், நாற்காலி போட்டால் எட்டுகிற உயரத்தில் தொங்குகிறது. அதன் வயர் இணைப்பை எலி கடிக்கும், மழை நனைக்கும். ஒவ்வொரு பந்தய நாளும் நாற்காலிமேல் ஏறி, பல்லால் டேப்பைக் கடித்துக் கிழித்து, அந்த இணைப்பைச் சுற்றுவதும் அவர் வேலையாகிவிட்டது. சுற்றும்போது கமிட்டியில் ஒருவரையும் விடாமல் சபிப்பார்.

ஆள் வருவதில்லை என்ற கோபம் அவருக்கு எல்லார்மேலும் உண்டு. பஸ்மேல், வெயில்மேல், செல்போன்மேல், நேற்றுப் பெய்த மழைமேல், அப்பா வேலை செய்யும் இடத்துக்கு ஒருநாளும் வராத சொந்த மகன்மேல். கூட்டம் குறையக் குறைய என் பட்டையில் ஏறும் எண் கூடிக்கொண்டே வந்தது. கமிட்டி என்னென்னவோ செய்து பார்த்தது. பந்தயங்களுக்கு நடுவே பாட்டுப் போட்டி வைத்தார்கள். நாய்க் கண்காட்சி வைத்தார்கள். பெண்களுக்கு இலவச அனுமதி என்றார்கள். வந்த பெண்கள் நிழல் இல்லை என்று திரும்பிப் போனார்கள். "குதிர பாக்க ஆள் வரணுமாம். குதிரையைத் தவிர எல்லாத்தையும் காட்டுறானுங்க" என்பார் அவர். அதையெல்லாம் மைக்கில் அறிவிக்க வேண்டியவரும் அவரே. நாய்க் கண்காட்சியை, சாவுச் செய்தி வாசிப்பதுபோல் வாசித்தார்.

அவர்மேலும் தப்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடமாட்டேன். ஒருநாள் இரண்டு பள்ளிக்கூடங்களிலிருந்து பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். கேலரி நிறைந்துவிட்டது. குதிரைகள் கடைசித் திருப்பத்துக்கு வரும் நேரம் பிள்ளைகள் அத்தனை பேரும் ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் திரும்பி நின்றார்கள். இவர் வர்ணனையை நிறுத்திவிட்டு, "ஐஸ்கிரீம் முந்துகிறது, ஐஸ்கிரீம் ஜெயித்துவிட்டது, வந்த வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஆசிரியர்களுக்கு முகம் தொங்கிவிட்டது. அந்தப் பள்ளிகள் மறுபடி வரவில்லை. நான் கூண்டுக்கு ஏறிப்போய், நாற்காலியை ஏசுகிற வாயால் குழந்தைகளையும் ஏசினால் நாற்காலிதான் மிஞ்சும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அன்று முழுதும் என்னோடு பேசவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் என் பேச்சைக் கேட்டார்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு குதிரை விழுந்தது. கண்ணில் பட்டதும் ஜாக்கியின் பெயரை மைக்கில் சொல்லிவிட்டார். ஜாக்கிக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கேலரியில் இருந்த அவன் மனைவி பெயரைக் கேட்ட வேகத்தில் படியில் உருண்டு மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஒருவருக்குக் கட்டுப்போட வேண்டிய நான் இருவருக்குப் போட்டேன். போட்டு முடித்த கையோடு மேலே போய்ச் சத்தம் போட்டேன். அன்று முதல் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. யார் விழுந்தாலும், "பின் வளைவில் ஒரு குதிரை விழுந்திருக்கிறது" என்று மட்டும் சொல்வார். பிறகு பைனாகுலர் என்மேல் இருக்கும். விழுந்தவன் கண் திறந்து, கேட்டதற்குப் பதில் சொன்னால் நான் வெள்ளைத் துண்டைத் தூக்கிக் காட்டுவேன். அதன்பின்தான் பெயர். துண்டு எழவில்லை என்றால், ஆள் அனுப்பி வீட்டாரைத் தனியே அழைத்துச் சொல்லும்வரை பெயர் அவர் வாயிலிருந்து வராது.

கூட்டம் தேயத் தேய இந்த ஏற்பாட்டுக்கு வேலை கூடியது. முன்பு கேலரியில் இருந்தவர்கள் வேற்று மனிதர்கள். இப்போது வருகிறவர்களில் பாதிப்பேர் ஜாக்கிகளின் அம்மா, அக்கா, மாமனார். டிக்கெட் ஜன்னலில் உட்காருகிற பெண்ணுக்கே தம்பி ஜாக்கி. அவன் ஓடும் பந்தயத்துக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேலரிக்கு வந்துவிடுவாள். அந்த நேரத்தில் டிக்கெட் கேட்டு யாரும் வரப்போவதில்லை.

செயலாளரின் மருமகன் பந்தயத்தைப் போனில் ஒளிபரப்பத் தொடங்கினான். யாரும் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் ஒரு குதிரை விழுந்தது. அது விழுகிற காட்சியை மட்டும் ஊர் ஊராகப் பார்த்தார்கள். கமிட்டிக்கு வழி தெரிந்துவிட்டது. இனி எவன் விழுந்தாலும் உடனே பெயரைச் சொல்ல வேண்டும், கத்திச் சொல்ல வேண்டும், என்ன ஆனதோ என்று பதறவைக்க வேண்டும். இதைச் சொல்லச் செயலாளரும் மருமகனும் முதலுதவி அறைக்கே வந்தார்கள். நான் வர்ணனையாளருக்கு அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சும்மா ஒரு த்ரில்லுக்குத்தான், அங்கிள்" என்றான் மருமகன்.

"உன் மாமனாருக்கே நான் அங்கிள் இல்ல. உனக்கு எங்கேருந்து?" என்றார். பிறகு செயலாளரிடம் திரும்பினார். "எதிர்ல யாரு உக்காந்திருக்கான்னு தெரியுமா சார் உங்களுக்கு? பேர் சொன்னா அது நேரா ஒரு தாய் மடியில போய் விழும்."

"கேலரியில இருக்கிறது நாலு பேரு. கூட்டம் போன்ல இருக்கு. கிளப் மூடிட்டா அந்தத் தாய்க்கு மட்டும் என்ன லாபம்?" என்றார் செயலாளர்.

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதில் பாதி உண்மை இருந்தது என்பதால் இன்னும் மன்னிக்கவில்லை.

இவர் கையிலிருந்த பட்டையைத் தானே பிய்த்துப் போட்டார். "அப்போ வேற தொண்டையைப் பாத்துக்குங்க." தனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த பந்தய நாளில், கல்யாண மண்டபங்களில் மைக் பிடிக்கும் ஒருவன் கூண்டில் இருந்தான். எல்லாப் பந்தயத்தையும் ஒரே மூச்சில் கத்தினான். இவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். டை கட்டிக்கொண்டு, பிளாஸ்க்கும் பைனாகுலருமாக, டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். கேலரியில் நடுவரிசையில், ஒலிபெருக்கித் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சும்மா இருக்கவில்லை. எண் மாறிச் சொன்னான், நிறம் மாறிச் சொன்னான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் ஒவ்வொன்றாகப் பொருமினார். "உங்க புண்ணியத்துல இப்போ குரலுக்குக் குறையில்ல, சொல்லுக்குத்தான் குறை" என்று கூண்டை நோக்கிச் சத்தமாகவே சொன்னாராம்.

நான்காம் பந்தயத்துக்கு முன் மழை தூறியது. ஒரே முதலாளியின் இரண்டு குதிரைகள், இரண்டு ஜாக்கிக்கும் ஒரே மஞ்சள் சட்டை, தொப்பியில் மட்டும் வித்தியாசம். அதில் ஒருவன் டிக்கெட் ஜன்னல் பெண்ணின் தம்பி. சேறு தெறித்ததும் தொப்பியின் நிறமும் போயிற்று. பின் வளைவில் ஒரு மஞ்சள் சட்டை குதிரையோடு சரிந்தது.

நான் வேனிலிருந்து குதிக்கும் வயதில் இல்லை, இறங்கினேன். சேற்றில் முழந்தாளிட்டுக் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டேன். மூச்சு இருந்தது. கண் மூடியிருந்தது. டிக்கெட் ஜன்னல் பெண்ணின் தம்பிதான். மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "விழுந்தது! விழுந்தது! விழுந்தது யார் தெரியுமா?"

அத்தோடு நின்றது. நடுவில் வெட்டியதுபோல.

பையன் காதருகே குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டாம் முறை இமை துடித்தது. என்ன கிழமை என்று கேட்டேன். கிழமையைச் சொல்லாமல், "துண்டு... துண்டக் காட்டுங்க. அக்கா பாத்துட்டு இருக்கும்" என்றான். தோள் எலும்பு முறிந்திருந்தது. புத்தி சரியாக இருந்தது.

துண்டை எடுக்கத் திரும்பியபோதுதான் கேலரியைப் பார்த்தேன். மருமகன் படிகளில் இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தான். உட்கார்ந்திருந்த சிலரும் எழுந்து நின்றிருந்தார்கள். தூணுக்குப் பக்கத்தில், தான் இத்தனை நாள் திட்டிய ஒரு நாற்காலியின்மேல் அவர் ஏறி நின்றார். ஒரு கையில், டேப்போடு பிடுங்கிய வயர் தொங்கியது. மறு கையால் பைனாகுலரைக் கண்ணில் அழுத்திப் பிடித்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துண்டைத் தூக்கினேன். அவர் பைனாகுலரை இறக்கினார். கீழே நின்ற டிக்கெட் ஜன்னல் பெண்ணின் பக்கம் குனிந்து, மைக் இல்லாத வாயால் ஏதோ சொன்னார்.