மூக்கடைத்த நாளில் ஊற்றிய ஒயின்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஹைதராபாத் கச்சிபௌலியில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் நடந்தது இது.

விருந்தினர்களுக்கு ஒயினை ருசிக்கக் கொடுத்து, எந்த உணவோடு எது சேரும் என்று விளக்குவது என் வேலை. என் அப்பாவுக்கு இதை அக்கம்பக்கத்தில் சொல்ல இன்றும் கூச்சம்தான். 'ஹோட்டலில் மேனேஜர்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. என் மூக்கின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அன்று இருபது பேர் வந்திருந்தார்கள். வாசனைக்குப் பேர்போன ஒரு வெள்ளை ஒயின். கிளாஸை முகத்தருகே கொண்டுபோனாலே ரோஜாவும் லிச்சிப் பழமும் மணக்கும். லேசாக இனிப்பதால் காரத்தோடு நன்றாகச் சேரும் என்று மிளகாய் சாலன் என்ற ஹைதராபாத் காரக் குழம்பும் இஞ்சி போட்ட மீன் வறுவலும் செய்யச் சொல்லியிருந்தேன்.

ஆனால் காலையில் எழுந்தபோதே எனக்குச் சளி. மூக்கு முழுக்க அடைத்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எத்தனையோ தடவை பேசிய பேச்சு, மனப்பாடம். சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பாட்டில்களைத் திறந்துகொண்டிருந்த சர்வருக்கு என் வயதுதான். உள்ளூர்க்காரர். ரயில்வே காலனித் தமிழர்களோடு வளர்ந்ததால் தமிழ் பேசுவார். ஒயினை அவர் நாக்கில் வைத்ததே இல்லை, திறந்ததும் முகர்ந்து பார்ப்பதோடு சரி. மூன்றாவது பாட்டிலை மட்டும் தள்ளி வைத்தார்.

"இது நக்கோ மேடம், வேணாம். நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை வருது."

கார்க்கில் கோளாறு இருந்தால் அப்படித்தான் வாடை வரும் என்பது எனக்குத் தெரியும். வாங்கி முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. அடைத்த மூக்குக்கு எப்படித் தெரியும்?

"குடிக்கவே குடிக்காத உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஊத்துங்க" என்றேன். அவர் முகம் சுருங்கியது. பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய் ஊற்றினார்.

நான் பேச ஆரம்பித்தேன். ரோஜா மணம் தெரிகிறதா என்று கேட்டதும் எல்லோரும் தலையாட்டினார்கள், அந்த மூன்றாவது பாட்டில் போன மேஜையில் இருந்தவர்கள் உட்பட. ஆனால் ஒயினின் குளிர்ச்சி குறையக் குறைய வாடை தூக்கும். அந்த மேஜையில் இருந்த ஒரு பெண்மணி மறுபடி மறுபடி முகர்ந்து பார்த்தார். நான் பக்கத்தில் போனதும் மெதுவாகச் சொன்னார்.

"சாரி, எனக்கு இதுதான் முதல் தடவை. என் மூக்குதான் சரியில்லைபோல. பழைய பீரோவைத் திறந்த மாதிரி இருக்கு."

கெட்டுப்போனதை ஊற்றச் சொன்னது நான். மன்னிப்புக் கேட்டது அவர்.

'பழகினால் பிடித்துவிடும்' என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அதுதான் என்னைச் சுட்டது.

எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். மூக்கு அடைத்திருக்கிறது, சக ஊழியர் எச்சரித்தும் நான் கேட்கவில்லை, அந்த மேஜைக்கு வேறு பாட்டில் வரும் என்று. பிறகு அந்த சர்வரை என் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, புதிய கிளாஸை முகர்ந்தார்.

"முதல்ல ரோஜா. அப்புறம் லிச்சி. கடைசியில தோல் சீவின இஞ்சி."

அன்று வாசனையை அவர் சொன்னார். காரமும் இனிப்பும் நாக்கின் வேலை என்பதால், சாலனைச் சாப்பிட்டு ஒரு மிடறு குடித்தால் எரிச்சல் எப்படி அடங்குகிறது என்பதை நான் சொன்னேன். சிரிப்பும் பேச்சுமாக நேரம் போனதே தெரியவில்லை.

முடிந்ததும் சர்வரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"ஹவ் மேடம், சரி, பரவாயில்ல. அடுத்த தடவை மூக்கு அடைச்சா முதல்லயே சொல்லிடுங்க" என்றார்.

உறுதியான குரலில் ஒருவர் தவறாகச் சொன்னாலும் கேட்கிறவர் தன் மூக்கைத்தான் சந்தேகிப்பார் என்பதை அன்று நேரில் பார்த்துவிட்டதால், இப்போதெல்லாம் 'உங்களுக்கு என்ன தெரிகிறது?' என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் நான் பேசவே ஆரம்பிக்கிறேன்.