நாற்பத்தொன்பதாவது நாள்

எங்கள் ஊரில் ஒருவன் குடிக்க மாட்டேன் என்றால் இரண்டு காரணங்களைத்தான் ஏற்றுக்கொள்வார்கள். ஒன்று, டாக்டர் மாத்திரை. மற்றது, சபரிமலைக்கு மாலை. நான் ஒன்பது வருடமாகக் கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டு, நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டு தொடாமல் இருந்திருக்கிறேன். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடுவேன். இதை நான் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது வருடம் மாலை கழற்றிய மறுநாள், மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குக் குடித்துவிட்டுப் போய் மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன். என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. மகளுக்கு நினைவிருந்தது. பத்து நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

போன கார்த்திகையில் பத்தாவது முறையாக மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, என் மனைவி ஒரு பயணப் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மாலை போட்டவனை எங்கள் வீட்டில் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவள் மரியாதை குறையாமலே சொன்னாள்.

"சாமி மாலைய கழத்துற அன்னைக்கு நானும் பிள்ளையும் மகாராஜபுரத்துக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருதோம். சாமி வீட்டுக்கு வரதுக்கு முன்னாடியே."

"இந்தத் தடவ குடிக்க மாட்டேன்."

"ஐயப்பனுக்காக நாப்பத்தெட்டு நாள் இருக்கீக. எங்களுக்காக ஒரு நாள் இருந்ததில்ல."

மாலை போட்டிருந்ததால் கோபப்பட வழியில்லை. அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள்.

குடியை விட்டவர்கள் வாரம் ஒரு முறை கூடிப் பேசுகிறார்கள் என்று ஒரு பஸ்ஸுக்குள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இரண்டு வாரம் யோசித்துவிட்டு அந்த எண்ணுக்குப் பேசினேன். ராஜபாளையத்திலேயே ஒரு கூட்டம் நடக்கிறது, உங்களுக்குப் பக்கம் என்றார்கள். பக்கமாக இருப்பதுதான் எனக்குப் பிரச்சினை. மில்லில் ஃபிட்டர் நான், பாதி ஊருக்கு என்னைத் தெரியும். ஊரெல்லாம் பார்க்கக் குடித்தவனுக்கு, குடியை விடுவதை ஒருத்தரும் பார்த்துவிடக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் உண்டா என்று கேட்டேன். "உண்டு, வாங்க" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ் ஏறினேன். இறங்கியதும் கால் கிலோ பால்கோவா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். தெரிந்தவர்கள் பார்த்தால் இதற்குத்தான் வந்தேன் என்று சொல்லலாம். கூட்டம் ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பறையில். சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் ஏழு பெரிய ஆட்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் ஐந்து பால்கோவா பொட்டலங்கள் வரிசையாக இருந்தன.

பொட்டலம் கொண்டுவந்த ஐந்து பேரும் ராஜபாளையத்துக்காரர்கள். அதில் ஒருவர் எங்கள் மில் டைம்கீப்பர். "வாங்க சாமி, பொட்டலத்த அங்கன வைங்க" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பலர் ராஜபாளையம் கூட்டத்துக்குப் போகிறார்களாம். அவர்கள் வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறார்களோ தெரியவில்லை. நாய்க்குட்டி விலை கேட்கப் போனோம் என்பார்களாக இருக்கும்.

குடித்து எத்தனை நாளாகிறது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். என் முறை வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்து, இருபத்தொரு நாள் என்றேன்.

டைம்கீப்பர் மெதுவாகச் சொன்னார். "அது ஐயப்பன் கணக்கு சாமி. கழத்துன பொறவுதான் நம்ம கணக்கு."

அன்று அவர் மேல் எரிச்சலாக வந்தது. ஆனாலும் அடுத்தடுத்த ஞாயிறுகளும் போனேன்.

மலையிலிருந்து நாங்கள் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மதியம் கோயிலில் மாலையைக் கழற்றினார்கள். கழுத்து லேசானதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. கூட வந்தவர்கள் வழக்கம்போலக் கண்ணைக் காட்டினார்கள். ஒருவன், "ஏலே, வாரியா?" என்றான். பதில் சொல்ல நின்றால் போய்விடுவேன் என்று தெரியும். வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்தான், நல்ல வேளை.

பள்ளிக்கூட வாசலில் நின்று மனைவிக்குப் போன் செய்தேன். கூட்டத்துக்குப் போய்வருவதை அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள் என்பது பின்னால் கேட்ட ஹாரன் சத்தத்தில் தெரிந்தது.

"அப்ப வாரா வாரம் வந்த பால்கோவா?"

"அதுக்குத்தான்."

"மகாராஜபுரத்துக்கு நாளைக்குக் காலையிலயும் பஸ் இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

உள்ளே போய் என் முறை வந்ததும், இன்னைக்குத்தான் ஆரம்பம் என்றேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது பை பழையபடி கதவுக்குப் பின்னால் இருந்தது. மறுநாள் காலையில் அவள் ஜிப்பைத் திறந்து மகளின் யூனிஃபார்மை மட்டும் எடுத்தாள். அடுத்த வாரம் மகளின் செருப்பு வெளியே வந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு துண்டு.

இப்போது ஏழாவது மாதம். பையில் அவளுடைய இரண்டு சேலைகள் இன்னும் இருக்கின்றன. ஏன் என்று நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு கூட்டுவது என் வேலை. பையைத் தூக்கி, அடியில் கூட்டிவிட்டு, அதே இடத்தில் வைப்பேன். தூக்கும்போது எடை மட்டும் பார்த்துக்கொள்வேன்.